கதவிடுக்கில் கேட்ட எண்

அத்தான் மரியாதையாகப் பேசத் தொடங்கினால் நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம்.

மற்ற நாட்களில் அவர் பேச்சு எண்ணெய் காணாத கதவு மாதிரி. "என்ன மச்சான், புஸ்தகத்துக்குள்ள பூந்துட்டியா, தலையையாவது வெளிய நீட்டு" என்பார் என்னிடம். அக்காவிடம், "சோத்துல உப்பு எங்க, லீவு போட்டுடுச்சா?" என்பார். "உப்பு உங்க நாக்குல உக்காந்திருக்கு, இறக்கி விடுங்க" என்பாள் அக்கா. இந்தச் சத்தம் இருக்கிறவரை வீடு நலம். "கொஞ்சம் தண்ணி கிடைக்குமாம்மா" என்று அவர் மெல்லக் கேட்கிற நாளில், அக்கா கையிலிருக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பாள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் தெருவிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் இருக்கிற பழைய கட்டிடங்களின் லிஃப்டுகள் அவர் பொறுப்பு. நகங்களுக்கடியில் கிரீஸ் ஒரு கறுப்புப் பிறை மாதிரி நிரந்தரமாக இருக்கும். லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால், கதவுக்கு வெளியே நின்று முதலில் அவர்களிடம் ஏதாவது வம்பு பேசுவார். "உள்ள எத்தனை பேரு? குண்டானவங்க யாராவது உண்டா? சும்மாதான் கேக்குறேன், நீங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்காதீங்க." உள்ளிருந்து சிரிப்பு வரும். சிரிப்பு வந்த பிறகுதான் படியேறுவார். மேலே போய் மெயின் சுவிட்சை அணைத்த பிறகுதான் கீழே வந்து கதவைத் திறப்பார். அந்த வரிசை மாறி நான் பார்த்ததில்லை, அந்த ஒரு நாள் வரை.

லிஃப்ட் வேலையில் பாதி, காத்திருப்பது. எண்ணெய் போட்டுவிட்டு, கயிற்றைச் சரிபார்த்துவிட்டு, லிஃப்டை மேலும் கீழும் ஓடவிட்டுக் காது கொடுத்து நிற்க வேண்டும். மொட்டை மாடியில், மெஷின் அறையில், தனியாக. அந்தக் காத்திருப்புக்குள்தான் ஷேர் வியாபாரம் வந்து உட்கார்ந்தது. ஆரம்பத்தில் நன்றாகவே செய்தார். கம்பெனிகளைப் பற்றிப் படிப்பார், வாங்குவதற்கு ஒரு காரணம் வைத்திருப்பார், அந்தக் காரணத்தை எங்களிடம் சொல்லிச் சண்டையும் போடுவார். பிறகு ஒரு மதியம் வந்தது. வெறும் ஒரு மதியம். விலை இறங்க இறங்க வாங்கினார். போனதைப் பிடிக்க அதைவிடப் பெரிதாகப் போட்டார், அதைப் பிடிக்க அதைவிடப் பெரிதாக. இரண்டு அறை வீடு ஒன்றுக்கு நாங்கள் சேர்த்து வைத்திருந்த முன்பணம் அன்றைக்கு மாலைக்குள் இல்லாமல் போயிற்று. அன்று அவர் எங்களிடம் ஒரு சுடு சொல் சொல்லவில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு 'ம்மா'.

அதனால்தான் நான் இன்னும் சமையலறையில் படுக்கிறேன். காலை நீட்டினால் கேஸ் சிலிண்டர். அது எப்போதும் குளிர்ந்தே இருக்கும்.

அந்த நஷ்டத்துக்குப் பிறகு அவர் அழவில்லை, சத்தியமும் செய்யவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டிருந்த அக்காவின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"மொத்தமா விட்டுடுங்க," என்றாள் அக்கா, அவர் வாயைத் திறப்பதற்குள்.

"ஷேர் வாங்குறது தப்பில்ல. அன்னைக்கு நான் வாங்கின விதம் தப்பு. அது வியாபாரமே இல்ல. சூதாட்டம்."

"ரெண்டுக்கும் உங்களுக்கு வித்தியாசம் தெரியுமா?"

"தெரியும்." கொஞ்சம் யோசித்தார். "யோசிச்சு வாங்குறப்ப எனக்கு நேரத்துக்குப் பசிக்கும். அன்னைக்குக் காலைலேர்ந்து பசியே இல்ல."

அக்கா மடித்த சட்டையை மறுபடி உதறினாள். யோசிக்கும்போது அவளுக்குக் கை சும்மா இருக்காது.

அத்தான் அவளுக்கு கவர்னரைப் பற்றிச் சொன்னார். லிஃப்ட் அளவு மீறி வேகமாக இறங்கினால், மேலே மெஷின் அறையில் இருக்கிற ஒரு சக்கரத்துக்கு அது தெரிந்துவிடும். சக்கரம் ஒரு கயிற்றைக் கவ்வும். கயிறு இழுபட்டதும் லிஃப்டின் அடியில் இருக்கிற இரும்புப் பற்கள் இருபுறத் தண்டவாளத்தையும் கடித்துக்கொள்ளும். அந்தச் சக்கரத்துக்குத்தான் கவர்னர் என்று பெயர். ஒருமுறை கடித்துவிட்டால் உள்ளே இருப்பவர் எந்தப் பொத்தானை அமுக்கியும் பிரயோஜனமில்லை. வேறொருவர் மேலே போய்த்தான் விடுவிக்க வேண்டும்.

"உள்ள நிக்கிறவன் கையில சாவி இருக்கக்கூடாது," என்றார். "நான் உள்ள நிக்கிறவன். நீ மேல நில்லு."

வியாபாரம் செய்கிற ஆப்பில் ஒரு பூட்டு உண்டு. ஒரு நாளில் ஒரு லிஃப்டைச் சர்வீஸ் செய்தால் கிடைக்கிற கூலி எவ்வளவோ, அதற்குமேல் நஷ்டம் போனால் கையிலிருப்பதை விற்றுவிட்டுப் பூட்டிக்கொள்ளும்படி அதை அமைத்தார். திறக்க வேண்டுமானால் ஒரு எண் தேவை. அந்த எண் அக்காவின் போனுக்கு மட்டும் வரும்.

"நான் கேட்டா குடுக்காதே," என்றார். "நல்லவிதமாக் கேட்டா கண்டிப்பாக் குடுக்காதே."

"அழுதா?"

"அழுதா ஒரு கர்ச்சீப் குடு."

பல மாதம் அது ஒழுங்காக நடந்தது. இடையில் சில முறை பூட்டிக்கொண்டது. அப்போதெல்லாம் சுவரைப் பார்த்துத் திட்டுவார், மறுநாள் மறந்துவிடுவார். புதிதாக ஒரு முன்பணம் சேர ஆரம்பித்தது. அக்கா அதற்கென்றே சாயங்காலமும் கூடுதலாக வேலை பார்த்தாள். இரண்டு அறை வீடு ஒன்றை மறுபடி பார்த்து வைத்திருந்தோம். என் அறையில் ஒரு ஜன்னல் இருந்தது. சின்னதுதான்.

அக்கா ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். நானும் அங்கேதான், முன்புறக் கவுன்டரில் முடிவுகளைத் தட்டச்சு செய்கிறேன். நான்கு மாடிக் கட்டிடம், எங்களுடையது மூன்றாவது மாடி. அந்தக் கட்டிடத்தின் லிஃப்டும் அத்தானின் பொறுப்புதான். கொஞ்ச நாளாக அது காரணமில்லாமல் நடுவழியில் நின்றுகொண்டிருந்தது. கவர்னர் தேவையில்லாமல் பிடிக்கிறது, அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று அன்று காலை பையோடு எங்களுடனேயே வந்தார். மொட்டை மாடிக்குப் போகுமுன் கவுன்டரில் முழங்கையை ஊன்றி, "மச்சான், இன்னைக்கு யாராவது ரத்தம் குடுக்காம தப்பிச்சு ஓடினா, படியிலதான் ஓடணும். லிஃப்ட் கிடையாது," என்றார். நன்றாகவே இருந்தார்.

மதிய இடைவேளை நெருங்கும்போது அக்கா ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவருக்கு நரம்பு அகப்படவில்லை. விரல் நுனியால் தடவித் தேடி, ஊசியை உள்ளே விட்ட அதே நொடி, அவளுடைய வெள்ளைக் கோட்டுப் பையில் போன் ஒருமுறை அதிர்ந்தது. ஊசி அசையவில்லை. மறுபடி அதிர்ந்தது. குப்பி மெல்ல நிறைந்துகொண்டிருந்தது. மூன்றாவது தடவை அதிர்ந்தபோது பெரியவரே, "யாரோ உன்னை அவசரமாத் தேடுறாங்க போலிருக்கே," என்றார்.

"அவசரம்தான் பெரியவரே. எனக்கில்ல," என்றாள் அக்கா. பஞ்சை வைத்து அவர் கையை மடக்கினாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அத்தான் நின்றிருந்தார். பை இல்லை, கையில் போன் மட்டும். கதவைத் தள்ளாமல் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார், அந்நியர் வீட்டில் தட்டுவது போல.

"கொஞ்சம் வெளிய வர முடியுமாம்மா? உன் வேலையைக் கெடுக்கல. ஒரே நிமிஷம்."

என் விரல்கள் விசைகளின் மேல் அப்படியே நின்றன. யாருடைய சர்க்கரை அளவோ பாதியில் நின்றது.

கதவு சரியாகச் சாத்தவில்லை. அவர்கள் பேசியது எனக்குக் கேட்டது. ஒரு மருந்துக் கம்பெனி. இரண்டு வாரமாகப் படித்திருக்கிறார். கம்பெனியின் கணக்கு இன்று மதியத்துக்குமேல் வெளிவரப்போகிறது, நல்லபடியாகத்தான் இருக்கும். காலையில் வாங்கினார், இறங்கியது. இன்னும் கொஞ்சம் வாங்கினார், இன்னும் இறங்கியது. பூட்டிக்கொண்டது.

"காலைல போட்ட கணக்குல ஒரு எழுத்தும் மாறலம்மா. விலைதான் மாறியிருக்கு. முன்பணத்துல பாதி போதும். பாதிகூட வேண்டாம்."

"முன்பணமா?"

"சாயங்காலத்துக்குள்ள அதே எடத்துல வச்சிடுவேன். மணி வச்சிருக்கேன் பாரு, இந்த விலையைத் தொட்டா அடிக்கும். அப்ப போனது எல்லாம் திரும்பி வந்து மேல நிக்கும்."

"பசிக்குதா?" என்றாள் அக்கா.

அத்தான் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"கேட்டேனே. பசிக்குதா?"

"இது என்ன கேள்வி? எனக்குப் பசிக்கலைன்னா ஊர்ல ஷேர் ஏறாதா?"

"ஏறட்டும். நான் குடுக்க மாட்டேன்."

"இந்த ஒரு தடவை நான் சொல்றது சரிம்மா."

"சரியா இருக்கலாம். அன்னைக்குச் சொன்னப்ப சரியா இருந்தா குடுன்னு சொல்லலையே."

அத்தானின் குரலிலிருந்து 'ம்மா' கழன்றது. "உனக்கு இதுல என்ன தெரியும்? ரத்தம் எடுக்கத்தான் தெரியும்."

"ஆமா. ஊசியை எப்ப வெளிய எடுக்கணும்னும் தெரியும்."

அவள் உள்ளே வந்து, பெரிய பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப வேண்டிய குப்பிகள் இருந்த பெட்டியை எடுத்துக்கொண்டாள். அதை வாங்கிப் போகிறவர் கீழே வாசலில் வண்டியோடு காத்திருப்பார். முகம் கழுவிய மாதிரி இருந்தது, கழுவவில்லை. மறுபடி வெளியே போனாள். அத்தான் சுவரோரம் குனிந்து நின்று போனை அமுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அமுக்கலுக்கும் அவளுடைய பையில் ஒரு அதிர்வு. ஒவ்வொன்றும் ஒரு புது எண். அவர் தலை நிமிரவில்லை. லிஃப்ட் வந்து நிற்கிற ஓசை, கதவு திறக்கிற ஓசை, மூடுகிற ஓசை.

பிறகு இரும்பு இரும்பைக் கடிக்கிற சத்தம்.

தரை வழியாக அது என் நாற்காலிக்கு வந்தது. அத்தானின் தலை நிமிர்ந்தது. அவர் முகத்தில் முதலில் தெரிந்தது பயம்கூட இல்லை. எதையோ எங்கோ வைத்துவிட்டு வந்தவன் முகம்.

"போர்டு," என்றார்.

பிறகுதான் எனக்குப் புரிந்தது. மேலே கவர்னரைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தபோது ஆப் பூட்டிக்கொண்டிருக்கிறது. அக்காவிடம் வருகிற அவசரத்தில், மூடியைத் திரும்ப மாட்டி, லிஃப்டை ஓட்டத்துக்கு விட்டு, அதிலேயே ஏறிக் கீழே வந்திருக்கிறார். 'வேலை நடக்கிறது' என்ற போர்டு எந்த மாடியிலும் தொங்கவில்லை. போர்டுகள் எல்லாம் மேலே பையிலேயே இருந்தன.

உள்ளிருந்து ஒரு ஆண் குரல் கத்தியது. கட்டிடத்தின் மேனேஜர். நான்காவது மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர். அக்காவின் சத்தம் கேட்கவில்லை.

அத்தான் இடுப்புச் சாவியை எடுத்து மூன்றாவது மாடிக் கதவின் துளையில் விட்டுத் திருகினார். கதவு விலகியது. லிஃப்ட் எங்கள் தரைக்கு நெஞ்சளவு கீழே நின்றிருந்தது. மேல்பாதி இடுக்கு வழியாக உள்ளே இருந்தவர்களின் தலையும் தோளும் தெரிந்தன. மேனேஜரின் வழுக்கை வியர்த்து மின்னியது. அக்கா பெட்டியை நெஞ்சோடு அணைத்து நின்றிருந்தாள். அவர்கள் தலைக்குமேல் ஒரு சின்ன மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் ஆகலையே?" என்றார் அத்தான்.

"இல்ல," என்றாள்.

"என்னய்யா இது," என்றார் மேனேஜர். "வேகமாக்கூடப் போகல. சும்மா போய்க்கிட்டிருந்துச்சு, தடால்னு நின்னுடுச்சு."

அத்தான் அவரைப் பார்க்கவில்லை. தரையில் மண்டியிட்டு, இடுக்கில் முகத்தை வைத்தார். இனி அவர் வம்பு பேசுவார், சிரிக்க வைப்பார் என்று நினைத்தேன். அவர் கை இன்னும் போனைப் பிடித்திருந்தது.

"நம்பரை மட்டும் சொல்லிடும்மா," என்றார். ரொம்ப மெல்ல. "சொல்லிடு, மேல போய் எடுத்துடறேன்."

நான் அதைக் கேட்டேன். நடைவழியில் காத்திருந்த நோயாளிகளும் கேட்டார்கள். அவர் அதை ஒரு பேரமாக நினைத்துச் சொல்லவில்லை என்று இப்போதும் நம்புகிறேன். ஆனால் வார்த்தைகள் அந்த வரிசையில்தான் வந்தன.

"எந்த நம்பர்?" என்றார் மேனேஜர். "அதைச் சொன்னாத்தான் திறக்குமா? சொல்லித் தொலைங்கம்மா. உள்ள காத்து இல்ல."

"அது லிஃப்ட் நம்பர் இல்லைங்க. வீட்டு விஷயம்."

"வீட்டு விஷயத்தை வீட்ல வச்சுக்கக்கூடாதா? மனுசனை நடுவுல தொங்க விட்டுட்டு."

அக்கா கோட்டுப் பையிலிருந்து போனை எடுத்தாள். திரையைப் பார்த்தாள். திரையின் வெளிச்சம் அவள் முகவாயில் விழுந்தது. அத்தான் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. அவள் உதடு பிரிந்தது.

அந்த நேரத்தில் மேனேஜர் பொறுமை இழந்தார். இரண்டு கைகளையும் எங்கள் தரைமேல் ஊன்றி, ஒரு காலை உள்கம்பியில் வைத்து எம்பினார். நெஞ்சுவரை இடுக்கில் ஏறிவிட்டார். ஒரு நோயாளி அவர் கையைப் பிடித்து இழுக்கப் போனார்.

அக்கா மேலே மின்விசிறியைப் பார்த்தாள். போனை விட்டாள், அது உள்ளே தரையில் விழுந்தது. மேனேஜரின் இடுப்புப் பட்டையைப் பிடித்து முழு பலத்தோடு கீழே இழுத்தாள். அவர் தொப்பென்று உள்ளே சரிந்தார்.

"மெயினை அணைச்சீங்களா?" என்றாள்.

அத்தானும் அந்த மின்விசிறியைப் பார்த்தார்.

"உங்களைத்தான். மெயினை அணைக்காம கதவைத் திறந்திருக்கீங்களா?"

கடித்த லிஃப்ட் கீழே இறங்காது. ஆனால் மின்சாரம் இருக்கிறவரை மேலே நகராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது, அதுவும் பாதியில் மூடிவிட்டு வந்த வேலையை வைத்துக்கொண்டு. ஒரு சாண் நகர்ந்தால் போதும், இடுக்கில் இருக்கிற மனிதனுக்கு. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அத்தான்தான், ஒருமுறை சாப்பாட்டு நேரத்தில், சோற்றைக் கையால் இரண்டாகப் பிரித்துக் காட்டி.

அவர் கதவை இழுத்துச் சாத்தினார். அது பூட்டிக்கொள்கிற சத்தம் வரும்வரை கையை எடுக்கவில்லை. எழுந்தார். போனை என் கையில் திணித்தார்.

"இதை நீ வச்சுக்கோ. நான் கேட்டா..." நிறுத்தினார். "வா. ஒரு ஆள் வேணும் மேல."

படியில் அவர் ஓடவில்லை. ஒவ்வொரு படியிலும் முழுக் காலையும் வைத்து ஏறினார். மெஷின் அறையில் மெயின் சுவிட்சை இறக்கி, அதில் போர்டை மாட்டி, போர்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். கவர்னரின் கவ்வலை விடுவித்தார். பெரிய சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டை மேலே ஏற்ற வேண்டும், அப்போதுதான் பற்கள் தண்டவாளத்தை விடும். சக்கரம் சுற்ற, பிரேக்கை ஒருவர் நெம்புகோலால் திறந்து பிடிக்க வேண்டும்.

"நான் 'பிடி'ன்னா அமுக்கு. 'விடு'ன்னா விட்டுடு. நடுவுல எது நடந்தாலும் நீ என் வாயை மட்டும் பாரு."

"சரி அத்தான்."

"பிடி."

நான் அமுக்கினேன். அவர் சக்கரத்தில் சாய்ந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. அசையவில்லை. "விடு." இரும்புப் பல் தண்டவாளத்தை விடமாட்டேன் என்றது. "பிடி." இன்னொருமுறை சாய்ந்தார். கீழே ஆழத்தில் ஒரு முனகல், பிறகு ஒரு வெடிப்பு, சக்கரம் கையகலம் நகர்ந்தது. பல் விட்டுவிட்டது.

அப்போது என் சட்டைப் பையில் மணி அடித்தது.

சைக்கிள் மணி மாதிரி, இரண்டு முறை. அந்தச் சின்ன அறையில் அது மிகவும் தெளிவாகக் கேட்டது. அவர் கை சக்கரத்தில், என் கை நெம்புகோலில். இருவரும் எதையும் விட முடியாது. அவர் கண் என் பைக்குப் போனது. அந்தக் கண்ணை, முன்பணம் போன அன்றைக்கு நான் பார்த்திருக்கிறேன்.

நான் அவர் வாயையே பார்த்தேன். அது கொஞ்ச நேரம் அசையவில்லை. கயிற்றில் எங்களுக்குக் கீழே இரண்டு உயிர்.

"ஏறிடுச்சு," என்றார்.

பிறகு, "விடு."

விட்டேன்.

"பிடி."

ஒவ்வொரு பிடியாக, ஒவ்வொரு விடலாக, கயிற்றில் பூசியிருந்த மஞ்சள் அடையாளம் சக்கரத்தின் விளிம்புக்கு வந்தது. மூன்றாவது மாடி. மணி இன்னொருமுறை அடித்தது. அவர் அதைக் கேட்கவே இல்லை என்பது போல முகத்தை வைத்திருந்தார். அப்படி வைத்திருப்பதுதான் அந்தச் சக்கரத்தைவிடக் கனம் என்று எனக்குத் தோன்றியது.

கீழே வந்து கதவைத் திறந்தபோது மேனேஜர் முதலில் வெளியே வந்தார். கால் தரையில் பட்டதும் குரல் திரும்பியது.

"கழட்டு அதை," என்றார். "எந்தச் சனியன் பிடிச்சுதோ அதைக் கழட்டி வீசு. வேகமாப் போனா பிடிக்கட்டும், நான் ஒத்துக்கிறேன். சும்மா போறவனை எதுக்குப் பிடிக்கணும்?"

"தப்பாத்தான் பிடிச்சுது," என்றார் அத்தான்.

"அப்ப கழட்டு. முன்னாடி இருந்தவன் அதுல ஒரு கம்பியைக் கட்டி வச்சிருந்தான். ஒரு வருஷம் சத்தமே இல்ல."

"அந்தக் கம்பியை அவிழ்த்தது நான்தான்."

"அதான் தெரியுதே லட்சணம். மறுபடி கட்டு. இல்லைன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்."

அக்கா பெட்டியோடு வெளியே வந்து, போன் திரையில் விழுந்த கீறலைக் கட்டைவிரலால் துடைத்தாள். அத்தான் அவளைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சக்கரம் உள்ளங்கையில் சிவப்பாகப் பதிந்திருந்தது.

"தப்பாப் பிடிச்சா சுத்தம் பண்ணணும்," என்றார். சொல்வதற்கு அவருக்கு நேரம் ஆனது. "கட்டி வைக்கக்கூடாது. போர்டு போடாம விட்டது என் தப்பு, அதுக்கு நீங்க என்ன வேணா சொல்லுங்க. கம்பி கட்ட மாட்டேன். வேற ஆளைப் பாக்கறதுன்னா பாருங்க. அவனும் கட்டாம இருந்தா உங்களுக்கு நல்லது."

மேனேஜர் படியில் இறங்கினார். இரண்டு மாடிக்குக் கீழிருந்தும் அவர் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. அக்காவும் பெட்டியை எடுத்துக்கொண்டு படியிலேயே இறங்கினாள்.

அதன் பிறகு ஒவ்வொரு மாடியிலும் போர்டு தொங்கியது. அத்தான் மேலே போனவர் வெகுநேரம் வரவில்லை. அவர் போன் என் பையிலேயே இருந்தது. நான் அதை எடுத்துப் பார்க்கவில்லை. கவுன்டரில் அதை வைத்தபோது, சூடான பாத்திரத்தை வைப்பது போலத்தான் வைத்தேன்.

வெயில் சாய்ந்த பிறகு வந்தார். நோயாளிகள் குறைந்திருந்தார்கள். மாதிரிகள் வைக்கிற குளிர்பெட்டிக்குப் பக்கத்தில், அக்கா ஓய்வெடுக்கிற முக்காலியில் உட்கார்ந்தார். என்னிடமிருந்து போனை வாங்கி, ஒருமுறை பார்த்துவிட்டு, திரை கீழே இருக்கும்படி மடியில் வைத்துக்கொண்டார். அக்கா குப்பிகளில் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏறிடுச்சு," என்றார்.

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நானும் போன்ல விலையைப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்க சக்கரம் சுத்துறப்ப உள்ள வேற என்ன வேலை எனக்கு?" ஒரு குப்பியைத் திருப்பிப் பார்த்தாள். "அதுக்கு முன்னாடியே, நீங்க கதவிடுக்குல கேட்டப்ப, குடுத்துடலாம்னுதான் வாயைத் திறந்தேன்."

அவர் நிமிர்ந்தார்.

"அந்தாளு வேற காதுகிட்ட சொல்லுங்க சொல்லுங்கன்னு. நானும் நினைச்சேன், போகட்டும், இவ்வளவு கேக்குறாரே, இவர் சொல்றது சரியாவும் இருக்கலாமேன்னு. அப்பதான் தலைக்குமேல காத்து வந்துச்சு. மெயினை அணைச்சிருந்தா ஃபேன் எப்படிச் சுத்தும்?"

அத்தான் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார்.

"குடுத்திருந்தா இன்னைக்கு ஜெயிச்சிருப்பேன்," என்றார்.

"ஆமா."

"முன்பணம் மேல கொஞ்சம் நின்னிருக்கும்."

"ஆமா. அடுத்த தடவை நீங்க கேக்குறப்ப, மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது."

அவருக்கு வலித்தது, அது மறைக்கக்கூடிய வலியும் இல்லை. கைக்கு வந்திருக்க வேண்டியது, கண்ணெதிரே, சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போயிருக்கிறது. அவர் கணக்கு சரி. அதை அவரிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது. சரியான கணக்கோடு, மெயினை அணைக்காமல், மனைவியின் தலைக்குமேல் கதவைத் திறந்து மண்டியிட்டிருந்தார் என்பதையும்.

"மேனேஜர் என்ன சொன்னாரு?" என்றாள் அக்கா.

"நாளைக்குச் சொல்றேன்னாரு. போறதுன்னா போகட்டும்." குளிர்பெட்டியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினார். "சுத்தம் பண்ணிட்டேன். உள்ள ஒரு சின்ன ஸ்பிரிங் தேஞ்சு போயிருந்துச்சு. பத்து தடவை ஓட்டிப் பாத்துட்டேன், பிடிக்கல. நாளைக்குப் பிடிக்காதுன்னு சொல்ல முடியாது."

"பிடிச்சா நான் படியில வரேன்."

அவர் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டினார்.

"அந்த டப்பால மிச்சம் ஏதாவது இருக்கா?"

அக்கா ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு கையுறையைக் கழற்றி, கை கழுவிவிட்டு, தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். மதியம் அவளும் சாப்பிட்டிருக்கவில்லை. அவர் மூடியைத் திறந்து, கிரீஸ் படிந்த விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மற்ற விரல்களால் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். மென்றார். இன்னும் ஒரு வாய். பாதியை அவள் பக்கம் தள்ளி வைத்தார்.

"உப்பு எங்க?" என்றார். "அதுவும் லிஃப்டுல மாட்டிக்கிச்சா?"

நான் கவுன்டருக்குத் திரும்பி, பாதியில் நின்றிருந்த சர்க்கரை அளவைத் தட்டச்சு செய்து முடித்தேன்.